சென்னையில் சைக்கிளில் வேலைக்குப் போவது: அன்றாடக் கேள்விகள், நடுவழிச் சிக்கல்கள்

வேலைக்குச் சைக்கிளில் போக ஆரம்பித்து, இரண்டு மூன்று மாதத்தில் விட்டுவிட்டவர்களிடம் காரணம் கேட்டுப் பாருங்கள். போக்குவரத்தைப் பார்த்துப் பயந்துவிட்டேன் என்பவர் குறைவு. அடிக்கடி பஞ்சர், முட்டி வலி, சட்டை நனைந்துபோகிறது, மழைக்காலத்தில் எடுக்காமல் விட்டேன், அப்படியே துருப்பிடித்துவிட்டது என்றுதான் பதில் வரும். எல்லாம் சின்ன விஷயங்கள். ஆனால் காலை எட்டே முக்காலுக்கு வேளச்சேரி விஜயநகர் சந்திப்பில் செயின் கழன்று நிற்கும்போது அப்படித் தோன்றாது.

அந்தச் சின்ன விஷயங்களுக்குத்தான் இந்த வழிகாட்டி. சென்னையை வைத்து எழுதியிருக்கிறேன். மற்ற ஊர்க்காரர்கள் மேடு பள்ளத்தையும் மழை மாதத்தையும் தங்கள் ஊருக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம்.

எந்த சைக்கிள்?

வீட்டில் ஏற்கெனவே ஒன்று இருந்தால் அதுவே போதும். சென்னை தட்டையான ஊர். மேம்பாலங்களும் ஆற்றுப் பாலங்களும்தான் இங்கே ஏற்றம். 21 கியர் வேண்டியதில்லை. கியரே இல்லாத சைக்கிளில் பத்து கிலோமீட்டர் தாராளமாகப் போகலாம். புதிதாக வாங்குவதென்றால் கியரைப் பார்ப்பதற்கு முன் மட்கார்டு, கேரியர், ஸ்டாண்டு இருக்கிறதா, பிறகு மாட்டிக்கொள்ளவாவது இடம் இருக்கிறதா என்று பாருங்கள். டயர் அகலம் 35 மில்லிமீட்டரிலிருந்து 50 வரை இருந்தால் நம் சாலைக்குச் சரி. குறைந்த விலை சைக்கிளில் முன்னால் வரும் சஸ்பென்ஷன் என் கணக்கில் வெறும் எடைதான். அந்தப் பணத்தில் நல்ல டயர் வாங்கலாம்.

மின்சார சைக்கிளுக்கு லைசென்ஸ் வேண்டுமா என்பது அடிக்கடி வரும் கேள்வி. மோட்டார் 250 வாட்டுக்குக் குறைவாகவும், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குக் குறைவாகவும் இருந்தால் மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி அது மோட்டார் வாகனக் கணக்கில் வராது. பதிவும் லைசென்ஸும் தேவையில்லை. கடைக்காரர் 'வேகத்தைக் கூட்டித் தருகிறேன்' என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். வரம்பைத் தாண்டினால் சலுகையும் போய்விடும்.

முதலில் சீட்டு

முட்டி வலிக்குப் பெரும்பாலும் காரணம் சீட்டு தாழ்வாக இருப்பது. இரண்டு காலையும் தரையில் முழுசாக ஊன்ற வேண்டும் என்று நினைத்துத் தாழ்த்தி வைக்கிறார்கள். சரியான உயரம் கண்டுபிடிக்க, சுவரைப் பிடித்துக்கொண்டு சீட்டில் உட்காருங்கள். பெடலை அடிமட்டத்துக்குக் கொண்டுவந்து அதில் குதிகாலை வையுங்கள். கால் நேராக நீள வேண்டும். அப்புறம் வழக்கம்போல முன்பாதத்தை வைத்தால் முட்டி லேசாக மடங்கியிருக்கும். அதுதான் அளவு. நிற்கும்போது சீட்டைவிட்டு முன்னால் இறங்கி நிற்கப் பழக வேண்டும். இரண்டு நாளில் வந்துவிடும். வலி முட்டியின் முன்பக்கம் என்றால் சீட்டு தாழ்வு, பின்பக்கம் என்றால் உயரம் என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம். கை மரத்துப்போனால் சீட்டின் மூக்கு கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். உடல் முன்னால் வழுக்கி, எடை முழுக்க உள்ளங்கையில் விழுகிறது என்று அர்த்தம்.

காற்று: பாதிப் பிரச்சினை இங்கேயே தீரும்

டயரின் பக்கவாட்டில் எவ்வளவு காற்று என்று பொறித்திருக்கும். பிஎஸ்ஐ கணக்கில் குறைந்த அளவும் அதிக அளவும் போட்டிருப்பார்கள். அந்த இரண்டுக்கும் நடுவில் வையுங்கள். உடல் எடை அதிகம் என்றாலோ கேரியரில் சுமை வைத்தாலோ மேல் அளவை ஒட்டி வையுங்கள். பின் சக்கரத்தில்தான் எடை அதிகம், அதனால் அதற்குக் கொஞ்சம் கூடுதல். கட்டைவிரலால் அழுத்திப் பார்க்கும் பழக்கம் நமக்கு எல்லாருக்கும் உண்டு. டயர் தடிமனாக இருந்தால் அது ஏமாற்றும். அளவு காட்டும் மானியுள்ள தரைப் பம்ப் ஒன்று வாங்கிவிடுங்கள். நான் வாங்கச் சொல்வதில் முதல் பொருள் அதுதான். ஹெல்மெட்டும் விளக்கும் அதற்கு அடுத்து.

ஓட்டை எதுவும் இல்லாமலேயே டியூபிலிருந்து காற்று மெதுவாகக் கசியும். அதனால் வாரம் ஒரு முறை அடிக்க வேண்டும். காற்று குறைந்த டயரோடு குழியில் இறங்கினால் ரிம்முக்கும் சாலைக்கும் நடுவில் டியூப் நசுங்கி, பாம்பு கடித்த மாதிரி பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஓட்டை விழும். ஆணியே இல்லாமல் பஞ்சர் ஆவது இப்படித்தான்.

பெட்ரோல் பங்கில் அடிக்கலாமா? வால்வைப் பொறுத்தது. மூன்று வகை உண்டு. பைக்கில் இருப்பது போன்ற தடித்த வால்வு என்றால் பங்கில் அடிக்கலாம். ஆனால் சைக்கிள் டியூபுக்குக் காற்று கொஞ்சம்தான் பிடிக்கும், சில விநாடியில் நிரம்பிவிடும். பைக்குக்குப் பிடிப்பதுபோல் பிடித்துக்கொண்டே இருந்தால் வெடிக்கும். விட்டுவிட்டு அடிக்கச் சொல்லுங்கள். ஒல்லியாக, நுனியில் திருகு உள்ள வால்வுக்குச் சின்ன பித்தளை அடாப்டர் ஒன்று வேண்டும். ஒன்றை வாங்கிப் பையிலேயே போட்டு வையுங்கள். பழைய சைக்கிள்களில் வருவது மூன்றாவது வகை. அதன் உள்ளே வால்டியூப் என்ற சின்ன ரப்பர் குழாய் இருக்கும். ராத்திரி நன்றாக இருந்த டயர் காலையில் படுத்துக் கிடந்தால் முதலில் அதைப் பாருங்கள். பல நேரம் பஞ்சராகவே இருக்காது, வால்டியூப் கிழிந்திருக்கும்.

வழியை எப்படித் தேர்ந்தெடுப்பது

மேப் காட்டும் குறுக்குவழியை அப்படியே எடுக்க வேண்டாம். சென்னையில் ஆறும் ரயில் பாதையும்தான் வழியைத் தீர்மானிக்கின்றன. உதாரணமாக, தெற்கிலிருந்து நகருக்குள் வர அடையாற்றைக் கடந்தாக வேண்டும். அதற்குத் திரு.வி.க. பாலம், கோட்டூர்புரம் பாலம், சைதாப்பேட்டை மறைமலை அடிகள் பாலம் என்று சிலதான் உண்டு. முதலில் எந்தப் பாலம், எந்த ரயில்வே கேட் அல்லது சுரங்கப்பாதை என்று முடிவு செய்யுங்கள். அதற்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உள்ள தெருக்களை அப்புறம் தேடலாம். பெரிய சாலைக்கு இணையாக ஒரு குடியிருப்புத் தெரு பெரும்பாலும் இருக்கும். ஐந்து நிமிடம் கூடுதலாகும், பரவாயில்லை.

கத்திப்பாரா மாதிரியான மேம்பாலங்களில் ஏற வேண்டாம். ஏறுவதில் சிரமம் இல்லை. பக்கவாட்டிலிருந்து வேகமாக வண்டிகள் வந்து சேரும் இடங்கள்தான் ஆபத்து. கீழே சர்வீஸ் ரோடு இருந்தால் அதில் போங்கள். இல்லையென்றால் இறங்கித் தள்ளிக்கொண்டு கடப்பதில் ஒன்றும் குறைந்துவிடாது.

ஞாயிறு காலை ஒரு முறை முழு வழியையும் ஓட்டிப் பாருங்கள். குழிகள், வண்ணம் அடிக்காத வேகத்தடைகள், நாய்க் கூட்டம் எங்கே, பஞ்சர் கடை எங்கே என்று தெரிந்துவிடும். காற்றையும் கணக்கில் எடுங்கள். கோடையில் மதியத்துக்கு மேல் கடற்காற்று கிழக்கிலிருந்தும் தென்கிழக்கிலிருந்தும் வீசும். மாலையில் கிண்டியிலிருந்து அடையாறு பக்கம் வீடு திரும்புகிறவருக்கு அது எதிர்காற்று. சோழிங்கநல்லூரிலிருந்து வடக்கே வருகிறவரை அதுவே தள்ளிக்கொடுக்கும்.

சாலையில் எங்கே ஓட்டுவது

புதிதாக ஓட்டுகிறவர்கள் இடது ஓரத்தை ஒட்டியே போவார்கள். பாதுகாப்பு என்று நினைப்புத்தான். அங்கேதான் மணல், கண்ணாடித் துண்டு, மழைநீர் வடிகாலின் இரும்புக் கம்பி மூடி, திடீரென்று திறக்கும் கார்க் கதவு எல்லாம் இருக்கின்றன. ஓரத்திலிருந்து சுமார் ஒரு மீட்டர் தள்ளி, நேர்கோட்டில் ஓட்டுங்கள். நிறுத்தியிருக்கும் கார்களைக் கடக்கும்போது ஒரு கதவின் அகலம் இடைவெளி விடுங்கள். இரண்டு கார்களுக்கு நடுவே உள்ள இடைவெளியில் உள்ளே புகுந்து புகுந்து வெளியே வருவதைவிட மோசமான பழக்கம் இல்லை. பின்னால் வருகிறவருக்கு நீங்கள் மறைந்து மறைந்து தெரிவீர்கள்.

பேருந்து நிறுத்தத்தில் நிற்கும் பேருந்துக்கும் நடைமேடைக்கும் நடுவில் ஒருபோதும் நுழையாதீர்கள். ஆட்கள் இறங்குவார்கள், பேருந்தும் இடப்பக்கம் அணையும். முன்னால் இடப்பக்க மூலையில் நின்றால் ஓட்டுநருக்கு நீங்கள் தெரியவே மாட்டீர்கள். பின்னாலேயே நில்லுங்கள், அல்லது நன்றாகத் திரும்பிப் பார்த்துவிட்டு வலப்பக்கமாகக் கடந்து போங்கள். ஷேர் ஆட்டோவுக்கு நிறுத்தம் என்று தனியாக ஒன்றும் கிடையாது. யார் கை காட்டினாலும் அதுதான் நிறுத்தம். அதனால் இரண்டு வண்டி நீளம் பின்னால் வாருங்கள்.

சிக்னலில் நேராகப் போகிறவர் இடது ஓரத்தில் நின்றால், இடது திரும்பும் வண்டிகள் உங்கள் முன்சக்கரத்தை வெட்டிக்கொண்டு போகும். ஒரு வண்டி அகலம் வலப்பக்கம் தள்ளி நில்லுங்கள்.

வலது திரும்ப எளிய வழி: நடுச்சாலைக்கு நகர வேண்டாம். பச்சையில் நேராகக் கடந்து, எதிர்ப்பக்க இடது மூலையில் நின்று, சைக்கிளை வலப்பக்கம் திருப்பிக்கொள்ளுங்கள். அந்தப் பக்கத்துக்குப் பச்சை விழும்போது அவர்களோடு போய்விடலாம். மத்திய கைலாஷ் மாதிரியான சந்திப்புகளில் நடைப் பாதையில் தள்ளிக்கொண்டு கடப்பது அதைவிட நல்லது. எதிர்த்திசையில் ஓட்டுவது வேண்டவே வேண்டாம். சின்ன தூரம்தானே என்று நினைக்கிற இடத்தில்தான் திருப்பத்திலிருந்து ஆட்டோ வரும்.

நடுவழியில் பஞ்சர்

முன்பெல்லாம் தெருவுக்கு ஒரு சைக்கிள் கடை. இப்போது சாலையோரப் பஞ்சர் கடைகள் பெரும்பாலும் டியூப்லெஸ் வண்டிகளுக்கானவை. சைக்கிள் சக்கரத்தைக் கழற்றச் சொன்னால் சிலர் முகம் சுளிப்பார்கள். அதனால் கற்றுக்கொள்வது நல்லது. பையில் மாற்று டியூப் ஒன்று, பிளாஸ்டிக் டயர் லீவர் இரண்டு, சின்ன பம்ப், பேட்ச்-சொல்யூஷன்-உப்புத்தாள் அடங்கிய டப்பா, சக்கரம் நட்டில் மாட்டியது என்றால் 15 ஸ்பேனர். நடுவழியில் ஒட்டிக்கொண்டு உட்கார வேண்டாம். டியூபை மாற்றிவிட்டுப் போங்கள், ஒட்டுவதை வீட்டில் பார்த்துக்கொள்ளலாம்.

1. ஓரமாக, நிழலாகப் போய் நில்லுங்கள். காற்று போன சக்கரத்தில் ஏறி ஓட்டாதீர்கள். டியூபும் போகும், டயரும் கிழியும்.

2. பின் சக்கரம், கியர் சைக்கிள் என்றால் முதலில் மிகச் சிறிய பல்சக்கரத்துக்குச் செயினைக் கொண்டுவாருங்கள். அப்போதுதான் கழற்றவும் மாட்டவும் எளிது. ரிம் பிரேக் (கட்டைகள் ரிம்மைப் பிடிக்கும் வகை) என்றால் கேபிளை விடுவித்து வழிவிடுங்கள். டிஸ்க் பிரேக் என்றால் சக்கரம் வெளியே இருக்கும்போது பிரேக்கை அழுத்தாதீர்கள்.

3. மிச்சக் காற்றை முழுக்க இறக்குங்கள். டயரின் விளிம்பைச் சுற்றிலும் அமுக்கி ரிம்மின் நடுப் பள்ளத்துக்குத் தள்ளுங்கள். இதைச் செய்யாததால்தான் டயர் கழலாமல் பலரும் ஸ்க்ரூ டிரைவரை விட்டு நெம்பி டியூபைக் குத்திக்கொள்கிறார்கள். வால்வுக்கு எதிர்ப்பக்கம் லீவரைப் போட்டு ஒரு பக்க விளிம்பை மட்டும் வெளியே எடுங்கள்.

4. டியூபை உருவி, கொஞ்சம் காற்றடித்து ஓட்டையைத் தேடுங்கள். சத்தம் கேட்கும், இல்லையென்றால் உதட்டருகே கொண்டுபோனால் காற்று படும். ஓட்டை வால்விலிருந்து எவ்வளவு தூரம் என்று பார்த்து, டயரில் அதே இடத்தைத் தேடுங்கள். இந்தப் படியை விட்டுவிட்டுத்தான் ஒரே நாளில் இரண்டு டியூப் போகிறது. குத்திய பொருள் இன்னும் டயரிலேயே இருக்கும். உள்பக்கம் முழுக்க துணியால் மெதுவாகத் துடைத்துப் பாருங்கள். விரலை விட்டால் கிழிக்கும். தேய்ந்த லாரி டயரிலிருந்து விழும் மெல்லிய கம்பி கண்ணுக்கே தெரியாது, துணியில் மாட்டும்.

5. ஓட்டை எங்கே என்பதே காரணத்தைச் சொல்லும். வெளிப்பக்கம் என்றால் சாலையில் குத்தியது. உள்பக்கம், அதாவது போக்ஸ் கம்பி இருக்கும் பக்கம் என்றால் ரிம் நாடா, அதாவது கம்பி முனைகள் டியூபைக் குத்தாமல் ரிம்மின் உள்ளே சுற்றியிருக்கும் பட்டை, நகர்ந்திருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் டியூப் மாற்றிப் பயனில்லை. வால்வின் அடியில் கிழிசல் என்றால் ஒட்டாது, தூக்கிப் போட வேண்டியதுதான்.

6. புது டியூபில் உருவம் வரும் அளவுக்கு மட்டும் காற்றடித்து உள்ளே வையுங்கள். வால்விலிருந்து ஆரம்பித்து இரண்டு கையாலும் டயர் விளிம்பை உள்ளே தள்ளுங்கள். கடைசிப் பகுதி இறுக்கமாக இருக்கும். லீவர் போடாமல் உள்ளங்கையால் உருட்டித் தள்ளப் பாருங்கள்.

7. முழுக் காற்றடிப்பதற்கு முன் டயருக்கும் ரிம்முக்கும் நடுவே டியூப் எட்டிப் பார்க்கிறதா என்று இரண்டு பக்கமும் சுற்றிப் பாருங்கள். அடித்தபின் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்து, பிரேக்கைத் திரும்ப மாட்டிவிட்டுக் கிளம்புங்கள். பிரேக்கை மாட்ட மறந்து கிளம்புவது வழக்கமாக நடக்கும் விஷயம்.

வீட்டில் ஒட்டும்போது: உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷனை மெல்லிசாகத் தடவி, பளபளப்பு போய்க் காயும்வரை ஐந்து நிமிடம் பொறுத்திருந்து, பேட்சை அழுத்தி ஒட்டுங்கள். ஈரமாக இருக்கும்போதே ஒட்டினால் கழன்று வரும். பக்கெட் தண்ணீரில் முக்கிக் குமிழி வருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

செயின்

கழன்றால் பதற வேண்டாம். கியர் சைக்கிளில் முன்னால் சிறிய வட்டத்துக்கு மாற்றுங்கள். பின்னால் தொங்கும் கியர் மாற்றியை முன்பக்கம் தள்ளினால் செயின் தளரும். அதை அடிப்பக்கப் பற்களில் மாட்டிப் பெடலை மெதுவாகச் சுற்றினால் ஏறிக்கொள்ளும். கையில் ஒட்டும் கருப்புக்குத் தேங்காய் எண்ணெய் தேய்த்துத் துடைத்துவிட்டு அப்புறம் சோப்பு போடுங்கள். கியர் இல்லாத சைக்கிளில் திரும்பத் திரும்பக் கழன்றால் செயின் தளர்ந்துவிட்டது. பின் சக்கர நட்டைத் தளர்த்திச் சக்கரத்தைப் பின்னால் இழுத்து இறுக்க வேண்டும். நடுவில் விரலால் அழுத்தினால் அரை அங்குலம் ஆட வேண்டும், அதற்கு மேல் கூடாது.

தேய்ந்துவிட்டதா என்று ஸ்கேலை வைத்தே பார்க்கலாம். புதுச் செயினில் ஒரு பின்னிலிருந்து 24 பின் தள்ளி அளந்தால் சரியாக 12 அங்குலம். 12 அங்குலத்துக்கு மேல் ஓர் அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு கூடியிருந்தால் செயினை மாற்றுங்கள். எட்டில் ஒரு பங்கு கூடிவிட்டால் பல்சக்கரமும் சேர்ந்து போயிருக்கும். எண்ணெய் விட்டபின் வெளியே தெரிவதைத் துணியால் துடைத்துவிடுங்கள். வெளியே வழியும் எண்ணெய் மணலைத்தான் சேர்க்கும்.

புடவை, துப்பட்டா, பேண்ட்: செயின் கவர் இல்லாத சைக்கிளில் இவை மூன்றும் மாட்டும். பேண்ட் கீழ்ப்பகுதிக்கு ஒரு ரப்பர் பேண்ட் போதும். துப்பட்டாவைக் குறுக்காகப் போட்டு இடுப்பில் முடிந்துகொள்ளுங்கள். பின் சக்கரத்துக்குப் புடவை வலை மாட்டிக் கொள்வது இன்னும் நல்லது.

மழை

அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை ரிம் பிரேக் உடனே பிடிக்காது. கட்டைகள் முதலில் தண்ணீரைத் துடைத்த பிறகுதான் பிடிக்க ஆரம்பிக்கும். வழக்கத்தைவிட முன்னாலேயே லேசாக அழுத்தத் தொடங்குங்கள். முன் பிரேக்கில்தான் வலு அதிகம், ஆனால் வழுக்கும் தரையில் திரும்பும்போது அதை அழுத்தாதீர்கள். மேன்ஹோல் மூடி, வடிகால் வேலைக்குப் போட்ட இரும்புத் தகடு, வெள்ளைக்கோடு மூன்றும் மழையில் வழுக்கும். அவற்றின் மேல் திரும்பாமல், பிரேக் பிடிக்காமல், நேராகப் போய்விடுங்கள்.

தேங்கிய தண்ணீரில் தரை தெரியவில்லை என்றால் இறங்காதீர்கள். தி.நகர் துரைசாமி சுரங்கப்பாதை, அரங்கநாதன் சுரங்கப்பாதை, வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதை எல்லாம் கனமழையில் நிரம்பும் இடங்கள். அன்றைக்கு மாற்று வழி வைத்துக்கொள்ளுங்கள். நடைபாதையில் நிற்கும் மின்பெட்டிகளைச் சுற்றித் தண்ணீர் நின்றால் அந்தப் பக்கமே போகாதீர்கள். அறுந்த மின்கம்பியைக் கண்டால் மின்வாரியப் புகார் மையமான மின்னகத்துக்கு, 94987 94987, சொல்லுங்கள். குழிக்கும் திறந்த மூடிக்கும் மாநகராட்சி எண் 1913.

நாய்

துரத்தினால் வேகமெடுக்கத் தோன்றும். அதுதான் துரத்தலை நீட்டிக்கும். மெதுவாக்கி, இறங்கி, சைக்கிளை உங்களுக்கும் நாய்க்கும் நடுவில் வைத்துக்கொண்டு நடங்கள். பெரும்பாலும் அதோடு ஆர்வம் போய்விடும். கடித்தாலோ பல் கீறினாலோ, ஓடும் தண்ணீரிலும் சோப்பிலும் 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அரசு மருத்துவமனைக்கோ போய் ஊசி போட்டுக்கொள்ளுங்கள். சின்னக் கீறல்தானே என்று விடக்கூடாத விஷயம் இது.

வியர்வை

கோடையில் தவிர்க்க முடியாது. பையை முதுகில் போடாமல் கேரியரில் கட்டினால் பாதி குறையும். அலுவலகத்துக்கு வந்ததும் உடனே சட்டை மாற்றாதீர்கள். பத்து நிமிடம் ஆறியபின் ஈரத்துண்டால் துடைத்து மாற்றுங்கள். ஏழரைக்குள் கிளம்ப முடிந்தால் மீதிக் கவலையும் இல்லை.

இடித்துவிட்டால்

உடனே துள்ளி எழ வேண்டாம். வண்டி எதுவும் வரவில்லை என்றால் ஒரு நிமிடம் அப்படியே இருந்து, கை கால், கழுத்து அசைகிறதா என்று பாருங்கள். சுற்றிக் கூடும் ஆட்கள் தண்ணீர் கொடுத்து, 'ஒன்றும் இல்லை, போங்க' என்பார்கள். நீங்களும் வெட்கத்தில் தலையாட்டிவிடுவீர்கள். அதற்குள் இடித்த வண்டியின் எண்ணைப் படம் எடுங்கள், பார்த்தவர் ஒருவரின் தொலைபேசி எண்ணை வாங்குங்கள். சில வலி மாலையில்தான் தெரியும்.

தலை அடிபட்டிருந்தால் நன்றாக இருப்பதுபோல் தோன்றினாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும். வாந்தி, மயக்கம், தூக்கம் தள்ளுவது எல்லாம் அபாய அறிகுறி, 108-ஐ அழையுங்கள். 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் தமிழ்நாட்டுக்குள் நடக்கும் சாலை விபத்துக்கு முதல் 48 மணி நேர சிகிச்சை இலவசம். திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளிலும் உண்டு. எந்த ஊர்க்காரர் என்று பார்ப்பதில்லை.

சைக்கிளுக்குக் காப்பீடு இல்லையே, இழப்பீடு கிடைக்குமா என்று கேட்கிறார்கள். உங்களுக்குக் காப்பீடு தேவையில்லை. இடித்த மோட்டார் வாகனத்தின் மூன்றாம் நபர் காப்பீட்டிலிருந்து கேட்கலாம்; அதற்குப் போலீஸ் புகார் வேண்டும். நிற்காமல் போன வண்டி என்றால், 2022 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த திட்டத்தில் பலத்த காயத்துக்கு 50,000 ரூபாய், உயிரிழப்புக்கு 2 லட்சம் ரூபாய் உண்டு.

திரும்ப ஓட்டுவதற்கு முன்: ஹேண்டில்பார் கோணலாக இருந்தால் முன் சக்கரத்தை முட்டிகளுக்கு நடுவே இறுக்கிப் பிடித்துத் திருப்பினால் நேராகும். சக்கரத்தைத் தூக்கிச் சுற்றி, பிரேக்கில் உரசுகிறதா பாருங்கள். லேசான கோணல் என்றால் கடையில் பெண்டு எடுத்துத் தருவார்கள். முன் ஃபோர்க் பின்னால் மடங்கியிருந்தால் ஓட்டாதீர்கள். அடிபட்ட ஹெல்மெட்டை மாற்றிவிடுங்கள், விரிசல் வெளியே தெரியாமலும் இருக்கும்.

பூட்டும் திருட்டும்

சக்கரத்தை மட்டும் பூட்டினால் சைக்கிளையே தூக்கிக்கொண்டு போவார்கள். பிரேமையும் பின் சக்கரத்தையும் சேர்த்து அசையாத கம்பியில் பூட்டுங்கள். பெடல் அச்சுக்கு அடியில் பிரேம் எண் பொறித்திருக்கும். அதையும் பில்லையும் இன்றே படம் எடுத்து வையுங்கள். புகார் கொடுக்கும்போது முதலில் கேட்பது அதைத்தான். அலுவலகத்தில் காவலாளி கண்ணில் படும் இடமாகக் கேட்டு வாங்குங்கள். பைக் நிறுத்தத்தில் சைக்கிளுக்கு இடமில்லை என்பார்கள். விடாமல் கேட்டால் ஒரு மூலை கிடைக்கும்.

வருடத்துக்கு ஒரு ஓவராயில்

மழை முடிந்து ஜனவரியில் கொடுப்பது சரியான நேரம். தண்ணீரில் ஓடிய சைக்கிளில் இரண்டு சக்கர அச்சிலும் பெடல் அச்சிலும் கிரீஸ் கழுவப்பட்டிருக்கும். வெறும் 'சர்வீஸ்' என்று சொல்லி விட்டுவந்தால் துடைத்து எண்ணெய் விட்டுத் தந்துவிடுவார்கள். அச்சைப் பிரித்து, பால்ஸைக் கழுவி, புது கிரீஸ் வைக்க வேண்டும், பிரேக் கட்டையும் கேபிளும் பார்க்க வேண்டும் என்று சொல்லிக் கொடுங்கள். பெசன்ட் நகர், திருவான்மியூர், சாந்தோம் பக்கம் கடலோரத்தில் இருக்கிறவர்கள் ஜூலையில் இன்னொரு முறை பார்ப்பது நல்லது. உப்புக் காற்றில் போக்ஸ் கம்பியின் தலையும் கேபிள் நுனியும்தான் முதலில் துருப்பிடிக்கும். வாங்கி வரும்போது கடை வாசலிலேயே ஒரு சுற்று ஓட்டி, இரண்டு பிரேக்கையும் தனித்தனியாக அழுத்திப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.